ஒன்பதாவது இதயம்

குருவுக்கு வயது இருபத்தொன்பது, சீடருக்கு ஐம்பத்தாறு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் யாரிடம் கைகட்டி நின்றார் என்று பிறகு குழப்பம் வேண்டாம்.

குருவின் பெயர் பியூலா. பாளையங்கோட்டையில் ஒரு சிறிய பிரெயில் அச்சகத்தில் பிழை பார்ப்பவர். பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. அச்சாகி வரும் ஒவ்வொரு பக்கத்தையும் விரலால் படித்து அவர் சரி என்றால்தான் புத்தகம் கட்டுவார்கள். இங்கே வருவதற்கு முன் நான்கு வருடம் பள்ளியில் பாடம் எடுத்திருந்ததால் எல்லோருக்கும் அவர் டீச்சர்.

சீடர் குற்றாலிங்கம். முப்பது வருடம் பள்ளிச் சுவரில் தொங்கும் சார்ட் வரைந்தவர். இதயம், சிறுநீரகம், தவளையின் வாழ்க்கை, பூவின் பாகங்கள். கீழ் மூலையில் அவர் கையெழுத்து கொடி மாதிரி சுருண்டு ஓடும். அவர் கோடு போட்டால் வெண்ணெயில் கத்தி போவது போலப் போகும் என்று ஊரில் பெயர். அந்தப் பெயர் அவருக்கும் தெரிந்திருந்தது, அதுதான் கொஞ்சம் சங்கடம்.

தொட்டுப் பார்க்கும் படங்கள் செய்ய ஆள் வேண்டும் என்று அச்சகத்தில் கேட்டபோது அவராகவே வந்து சேர்ந்தார். வேலை இப்படி: அட்டையில் நூல், சணல், உப்புத்தாள் எல்லாம் ஒட்டி முதலில் ஒரு மூலப்படம் செய்ய வேண்டும். அதன்மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து இயந்திரத்தில் சூடு காட்டினால், தாள் இளகி மேடுபள்ளம் அத்தனையும் அதில் பதிந்துவிடும். ஒரு மூலத்திலிருந்து எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேலான பிறகு, ஒரு பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. முப்பிடாதி என்று ஒரு பெண். பார்வை கிடையாது. பத்தாவதில் நல்ல மதிப்பெண். பதினொன்றாவதில் உயிரியல் பிரிவுதான் வேண்டும் என்று நிற்கிறாள். தலைமையாசிரியருக்குச் சம்மதமில்லை. அவர் உயிரியல் நடத்தியவர். 'படம் பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு உயிரியல் எப்படி? போன வருடம் ஒரு படம் கொடுத்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. இவர்கள் பாடத்தை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள், அவ்வளவுதான். இதயத்தின் படம் ஒன்று செய்து அனுப்புங்கள். அவள் அதற்கு முன் தொட்டிருக்கக் கூடாது. என் முன்னால் படிக்கட்டும். படித்தால் இடம் தருகிறேன். இல்லையென்றால் வரலாறு' என்று எழுதியிருந்தார்.

பதினைந்து நாள் தவணை.

மூன்றாம் நாள் குற்றாலிங்கம் படத்தோடு வந்து நின்றார்.

"டீச்சர், இதயம் கொண்டாந்திருக்கேன்."

பியூலா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"அண்ணாச்சி, பேரைச் சொல்லிக் கொடுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்லிருக்கேன்?"

"இதயம்தான் செய்யப் போறோம்னு உங்களுக்கே தெரியும்லா? கடுதாசியை நான்தான வாசிச்சுக் காட்டினேன்."

"தெரியும். அதுலயே எனக்குப் பாதி விரல் போச்சு. மீதியையும் நீங்க வாங்கிட்டுப் போயிராதீங்க."

இது என்ன பேச்சு என்று குற்றாலிங்கத்துக்குப் புரியவில்லை. பேசாமல் படத்தை வைத்தார்.

பியூலா இரண்டு கையாலும் தடவினார். பத்து விரலும் மேலிருந்து கீழே ஒரு தடவை போய் வந்தன. பிறகு மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"என்ன வாசனை?"

"பெயிண்ட்."

"எதுக்கு?"

"சிவப்பு அடிச்சிருக்கேன் டீச்சர். ரத்தம்லா?"

பியூலாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு படத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"நண்டு" என்றார். "இன்னொண்ணு கொண்டாங்க."

இரண்டாவதில் பெயிண்ட் இல்லை. ஒரு பாதிக்கு வெல்வெட் துணி, மறுபாதிக்குப் பஞ்சு ஒட்டிக் கொண்டுவந்தார். கெட்ட ரத்தம் ஒரு பக்கம், நல்ல ரத்தம் ஒரு பக்கம். மூலப்படம் தொடுவதற்கு அருமையாக இருந்தது. நகல் எடுத்த பிறகு இரண்டும் ஒரே பிளாஸ்டிக்காகிப் போயின. பியூலா சொல்வதற்கு முன்பே அவருக்கே அது தெரிந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு எடுத்துப் போனார்.

மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. ஒவ்வொன்றுக்கும் பியூலா சொன்னது ஒரே வார்த்தைதான்.

"இன்னொண்ணு."

ஆறாவது திரும்பி வந்த அன்று குற்றாலிங்கத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"என்ன குறைன்னு வாயைத் திறந்து சொல்லுங்களேன் டீச்சர். சொன்னா திருத்திட்டுப் போறேன்."

"திருத்துவீங்க. நான் சொன்னதை மட்டும் திருத்துவீங்க."

"நானும் கண்ணை மூடிக்கிட்டுத் தடவிப் பார்த்தேன். எனக்கு எல்லாம் நல்லாத் தெரியுது. இது மேல் அறை, இது கீழ் அறை, இது ரத்தக்குழாய். எங்க இல்லை?"

"உங்க விரல் படிக்கலை அண்ணாச்சி. ஏற்கெனவே தெரிஞ்சதைச் சொல்லுது."

"என் கையைப் பத்தி இது வரைக்கும் யாரும் இப்படிப் பேசினதில்லை." அவர் குரல் உயர்ந்தது. "வந்த புதுசுல செம்பருத்திப் பூ செஞ்சேனே, ஞாபகம் இருக்கா? நாப்பது பள்ளிக்கூடத்துக்குப் போச்சு. ஒரு பள்ளிக்கூடத்துல இருந்தாவது குறைன்னு ஒரு வரி வந்துச்சா?"

"வரலை."

"பின்ன? நல்ல படம்னா எதுதான் டீச்சர்? அதையாவது சொல்லுங்க."

பியூலா ஆறாவது இதயத்தை மேசை ஓரத்துக்குத் தள்ளினார்.

ஏழாவதும் எட்டாவதும் அதே வழியில் போயின. தவணையில் இன்னும் ஐந்து நாள்தான் மிச்சம். வேறு யாராவது என்றால் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். குற்றாலிங்கம் போகவில்லை. கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் முப்பிடாதி என்ற அந்தப் பெயர் அவர் மனதில் உட்கார்ந்துவிட்டது. தன் கையால் ஒரு பிள்ளைக்கு இடம் போனது என்று இருக்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார்.

மறுநாள் காலை பியூலா அவரைக் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு படம் துண்டால் மூடியிருந்தது.

"துண்டுக்கு அடியில கையை விடுங்க. எடுத்துப் பார்க்கக் கூடாது. என்னன்னு சொல்லுங்க."

குற்றாலிங்கம் கையை விட்டார். நெற்றி சுருங்கியது.

"கால் கால்னு என்னமோ நீட்டிக்கிட்டு இருக்கு... எட்டுக்கால் பூச்சியா?"

"பாருங்க."

"நடுவுல ஒரு கம்பு. கம்பு மேல குருணை மாதிரி என்னமோ. கோடெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கிடக்கு. எது எங்க முடியுதுன்னே தெரியலையே." விரல் கீழே இறங்கியது. "இந்த மூலைல ஒரு புழு வேற நெளியுது."

"என்ன படம்?"

"என்ன படமோ, எவன் கண்டான்! யாரு செஞ்சது இது? சின்னப் பிள்ளைங்க கையில கொடுக்கிற பொருளா இது? செஞ்சவனைக் கூப்பிடுங்க, நான் நாலு வார்த்தை கேக்கேன்."

பியூலா துண்டை இழுத்தார்.

செம்பருத்திப் பூ. ஐந்து இதழ், நடுவில் நீண்ட தண்டு, அதன்மேல் மகரந்தம். கண்ணுக்கு அவ்வளவு அழகு. கீழ் மூலையில், மெல்லிய நூலை வளைத்து ஒட்டிய அவருடைய கையெழுத்து.

குற்றாலிங்கம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"முப்பிடாதியும் எட்டுக்கால் பூச்சின்னுதான் சொன்னாளாம்" என்றார் பியூலா. "போன வருஷம் அவங்க சார் கொடுத்துப் பார்த்த படம் இதுதான். நேத்து அவளுக்குப் போன் போட்டுக் கேட்டேன்."

எங்கேயோ ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் எல்லோர் முன்னாலும் தலைகுனிந்து நின்றது தன்னால்தான் என்று அவருக்கு முதல்முறையாகத் தெரிந்தது.

"இதை எப்படி டீச்சர் வெளிய விட்டீங்க?"

"அதைத்தான் சொல்ல வந்தேன். விட்டது நான்தான்." பியூலாவின் குரல் சற்று இறங்கியது. "'டீச்சர், செம்பருத்தி'ன்னு சொல்லிக் கையில கொடுத்தீங்க. என் விரலும் செம்பருத்தியைத் தேடி, இதழ் இது, தண்டு இதுன்னு கண்டுபிடிச்சிருச்சு. சரின்னு எழுதிட்டேன். எல்லாம் அனுப்பின பிறகு ஒரு நகல் பேரு தெரியாம கையில தட்டுப்பட்டுச்சு, எனக்கே என்னன்னு பிடிபடலை. அன்னையில இருந்துதான் யாரையும் பேரைச் சொல்ல விடுறதில்லை."



"நாப்பது பள்ளிக்கூடம்" என்றார் குற்றாலிங்கம். "ஒருத்தர்கூட குறை சொல்லலையே."

ஆறாவது இதயம் திரும்பிய அன்றும் இதையேதான் சொல்லியிருந்தார். இன்று குரல் வேறாக இருந்தது. பியூலா துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

குற்றாலிங்கம் எழுந்து போய் வேலைமேசையில் உட்கார்ந்தார். அன்றும் மறுநாளும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. சோற்றுப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. முதலில் கையெழுத்தை எடுத்தார். பிறகு இதயத்துக்கு முப்பது வருடமாக அவர் கொடுத்துவந்த அந்த அழகான சாய்வை எடுத்தார். நிழலுக்கென்று ஒட்டும் குறுக்கு நூல்களை எடுத்தார். ஒவ்வொன்றையும் எடுக்கும்போது மனது வலிக்கத்தான் செய்தது. அட்டையில் கடைசியாக நின்றது நான்கு அறைகள், வெளியே போகும் குழாய்கள். ஒரு பக்கத்து அறைகளுக்கு உப்புத்தாள் ஒட்டி, மறுபக்கத்தை வழவழப்பாக விட்டார். உப்புத்தாளின் சொரசொரப்பு நகலிலும் வரும். மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவே, வால்வு இருக்கும் இடத்தில், ஒரு விரல் நுனி நுழையும் அளவு இடைவெளி விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை நகல் எடுத்துக் கொண்டுபோய், ஒன்றும் சொல்லாமல் மேசைமேல் வைத்தார்.

பியூலா தொடவில்லை.

"நான் தொட்டு என்னத்துக்கு? எனக்கும் என்னன்னு தெரியும், உங்களுக்கும் தெரியும். நம்ம ரெண்டு பேரு விரலும் பொய் சொல்லும்."

"அப்ப யாரு பார்க்கிறது?"

"வேதமாணிக்கம் அண்ணனைக் கூப்பிடுங்க."

வேதமாணிக்கம் பைண்டிங் பிரிவில் வேலை பார்ப்பவர். அவருக்கும் பார்வை இல்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். இதயம் எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதுமில்லை, அவர் கேட்டதுமில்லை. பசைக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"என்னத்தைப் பார்க்கணும்?"

"என்ன இருக்கோ அதைச் சொல்லுங்க அண்ணன்."

அவர் விரல் அவசரப்படாமல் நடந்தது.

"நாலு அறை இருக்கு. மேல ரெண்டு, கீழ ரெண்டு. ஒரு பக்கம் தரை சொரசொரன்னு கிடக்கு, இன்னொரு பக்கம் மொழுமொழுன்னு இருக்கு. மேல இருந்து கீழ போறதுக்கு அந்தப் பக்கம் ஒரு வாசல், இந்தப் பக்கம் ஒரு வாசல். ஆனா நடுச்சுவத்துல மட்டும் வழியே விடலை. அந்தப் பக்கத்து ஆளு இந்தப் பக்கம் வரணும்னா வெளிய போய்ச் சுத்தித்தான் வரணும்." அவர் நிமிர்ந்தார். "யாரு வீடுவே இது? அண்ணன் தம்பி பாகம் பிரிச்சுக்கிட்டாங்களா?"

குற்றாலிங்கத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. பியூலா தலையைக் குனிந்து சிரித்தார்.

"இன்னொரு சங்கதி" என்றார் வேதமாணிக்கம். "இந்த வெளிச்சுவரு மேல ஒரு கயிறு ஓடுது. அதைப் பிடிச்சுக்கிட்டே போனேன். வீட்டுக்கு வெளிய கொண்டுபோய் நடுத்தெருவுல விட்டுருச்சு."

அது இதயத்தின் மேல் படரும் மெல்லிய ரத்தக்குழாய். சார்ட்டில் எல்லோரும் வியக்கும் கோடு அதுதான். அதை மட்டும் எடுக்க மனம் வராமல் விட்டுவைத்திருந்தார். இப்போது போய் மூலப்படத்தில் அதைப் பிளேடால் கீறி எடுத்து, வேறு நகல் கொண்டுவந்தார். வேதமாணிக்கம் இன்னொரு தடவை பார்த்தார்.

"இப்ப தெருவுக்குப் போகலை. வீட்டுக்குள்ளயே இருக்கேன்."

"அண்ணாச்சி, அவ்வளவுதான்" என்றார் பியூலா. "இனி அட்டையில கை வைக்காதீங்க. நாளைக்கு நகல் எடுத்து, கட்டி வச்சிருவோம்."

குற்றாலிங்கம் தலையாட்டினார். ஆனால் ஓவியர் கை சும்மா இருக்குமா? சனிக்கிழமை காலை இயந்திரத்தில் ஏற்றும்போது, ஒரு நூலின் நுனி மயிரிழை அளவு பிரிந்து நிற்பதைப் பார்த்தார். இப்படியே விட்டால் அசிங்கம். ஒரு சொட்டுப் பசை வைத்து, குச்சியால் அழுத்திவிட்டு, நகல் எடுத்தார். பியூலா அதைத் தடவிப் பார்த்து, சரி என்று பதிவேட்டில் குறித்தார். இருவருமாகக் கட்டி வைத்தார்கள்.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் அறையில் நால்வர் இருந்தார்கள். முப்பிடாதி ஒல்லியான பெண். தலைவாரி இறுக்கிப் பின்னியிருந்தாள். உள்ளங்கையைப் பாவாடையில் இரண்டு தடவை துடைத்தாள். பியூலாவும் குற்றாலிங்கமும் சுவரோரம் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை.

"என்ன படம்னு சொல்லமாட்டேன்" என்றார் தலைமையாசிரியர். "நீயே சொல்லு."

முப்பிடாதியின் விரல்கள் படத்தின்மேல் ஒரு சுற்று வந்தன.

"இதயம் சார்."

"எப்படிச் சொல்லுத?"

"நாலு அறை இருக்கு. நடுவுல சுவர்."

"அது பாடத்துல இருக்கு. ஒப்பிக்க வேண்டாம். உடம்புல இருந்து வர்ற ரத்தம் எந்த வழியா உள்ள வந்து எங்க போகுதுன்னு விரலை வச்சுக் காட்டு."

அவள் விரல் குழாய் வழியாக இறங்கி, சொரசொரப்பான மேல் அறைக்குள் வந்தது. அங்கேயே நின்றது. திரும்பிப் போய், மறுபடி வந்தது. மறுபடியும் நின்றது.

"என்னாச்சு?"

"வழி இல்லை சார்."

தலைமையாசிரியர் பெருமூச்சு விட்டார். அவர் கெட்டவர் இல்லை. முகத்தில் வருத்தம்தான் இருந்தது. மேசையில் கிடந்த விண்ணப்பத்தை மூடப் போனார். குற்றாலிங்கத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தே விட்டார். பியூலா அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"ஆனா வழி இருக்கணும் சார்" என்றாள் முப்பிடாதி.

தலைமையாசிரியர் நிமிர்ந்தார்.

"மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவுல வால்வு இருக்கணும். இந்த வழவழப்பான பக்கத்துல இருக்கு, பாருங்க, என் விரல் போகுது. சொரசொரப்பா இருக்கிற பக்கத்துல இல்லை. அடைச்சிருக்கு சார். சுவர் மாதிரியும் இல்லை. என்னமோ உருண்டையா ஒட்டியிருக்கு." அவள் விரலை எடுக்கவில்லை. "படம் தப்பு சார்."



தலைமையாசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கண்ணுக்குப் பிடிபடவில்லை. அவள் விரல் இருந்த இடத்தில் தன் விரலை வைத்துத் தடவினார். நகத்தால் நெருடினார். ஒரு பட்டாணி அளவுக்குப் பசை வாசலை அடைத்துக்கொண்டு உறைந்து, அப்படியே நகலில் பதிந்திருந்தது.

அவர் நிமிர்ந்து சிறிது நேரம் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தார். பிறகு மூடப் போன விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"தமிழ் மீடியமா, இங்கிலீஷ் மீடியமா?" என்று கேட்டார்.

"உயிரியலா சார்?"

"பின்ன என்ன கேட்டே நீ?"

முப்பிடாதி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பஸ் நிறுத்தம் வரை பியூலா குற்றாலிங்கத்தின் முழங்கையைப் பிடித்தபடி நடந்தார். அங்கே வந்து நின்றதும் குற்றாலிங்கம் சொன்னார்:

"சனிக்கிழமை நான் கை வச்சிட்டேன் டீச்சர். ஒரு நூல் பிரிஞ்சிருந்துச்சு. பார்க்கச் சகிக்கலை."

"அதுக்கப்புறம் நானும் தடவிப் பார்த்தேன்லா. வாசல் இருக்கிற இடம்னு தெரியும். என் விரலும் வாசல் இருக்குன்னு சொல்லிருச்சு."

"அந்தப் பிள்ளை கெட்டிக்காரி, பிழைச்சுக்கிட்டா. ஆனா எனக்கு வெட்கமா இருக்கு." அவர் தன் கையை விரித்துப் பார்த்தார். "ஒன்பது செஞ்சேன். ஒன்பதாவதும் தப்பு. முப்பது வருஷம் வரைஞ்ச கை இது. ஒரு நல்ல படம் நான் எப்பத்தான் டீச்சர் செய்யப் போறேன்?"

பஸ் வரும் சத்தம் கேட்டது. பியூலா அவர் முழங்கையை விட்டுவிட்டு, அந்தக் கையை, முப்பது வருடம் வரைந்த அந்தக் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"நாப்பது பள்ளிக்கூடத்துக்குப் பூவை அனுப்பினோம். ஒரு பிள்ளையும் தப்புன்னு சொல்லலை. இன்னைக்கு ஒருத்தி சொல்லிட்டா. செஞ்சுட்டீங்க அண்ணாச்சி."